இருபத்தேழுக்கு நாலு

பிள்ளைகளா, அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, அப்புறமும் ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

தலைவலி என்றுதான் போடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் குறை ஏதுமில்லை என்று பார்த்த டாக்டர், மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பெண், முகம் கொடுத்துப் பேசினார். ஒன்பது கேள்விகள். இந்த இரண்டு வாரத்தில் தூக்கம் கெட்டதா, சோறு இறங்கவில்லையா, எதிலும் மனசு ஒட்டவில்லையா, இப்படி. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. மொத்தம் இருபத்தேழு. எண் கூடக் கூட மனசுக்கு அவ்வளவு கஷ்டம் என்று கணக்கு.

அம்மா அலுப்புக்கு மூன்றும் தூக்கத்துக்கு ஒன்றும் ஒத்துக்கொண்டாள். மற்றதற்கெல்லாம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்க அம்மா விடியுமுன் ஜீப்பு ஏறும்போது, ஆள் கூட்டிப்போகிறவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்பார். ஏதோ இருக்கிறது என்று சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அவருக்குச் சொல்லிச் சொல்லி அம்மாவின் வாய் பழகிய பதில் அது.

மலைக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளி போன மாதிரியே திரும்பி வருகிறது என்று நான் சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். "இந்த மனுசன் எறும்பு கடிச்சாலும் ஆம்புலன்ஸு கூப்புடுவாரு மேடம்."

இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதே கேள்விகள். அதே நாலு. அப்படியானால் சரிதானே என்று கேட்டேன்.

"ரெண்டு தடவையும் ஒரே நம்பர் வந்தா அளவு மாறாம நிக்குதுன்னு அர்த்தம்ணே. நம்ம நெனைச்சதைத்தான் அளந்துச்சான்னு அது சொல்லாது. அக்கா வாயால சொல்றதை மட்டுந்தான் இது அளக்கும்."

நான் குடோனில் காய் சலிக்கிறவன், எனக்கு அது புரிந்தது. சல்லடை எப்போது ஆட்டினாலும் பெரிய காயை மேலேதான் நிறுத்தும். உள்ளே விதை இருக்கிறதா, வெறும் தோலா என்று அதற்குத் தெரியாது.

நாலு குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றும் கேட்டேன். முன்பே நிறையப் பேரிடம் கேட்டுப் பார்த்து ஒரு கோடு போட்டிருக்கிறார்களாம். அவர்களில் ஜீப்பு ஏறுகிற பெண்கள் இருந்தார்களா என்றேன். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னார். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், நீங்கள் பார்த்ததும் முக்கியம் என்று, பெரிய டாக்டரைப் பார்க்க ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார்.

அம்மா வரமாட்டேன் என்றாள். "நாலுதான வந்துச்சு? அவுகளே சொல்லிட்டாக. அப்புறம் என்னைய எதுக்குப் பைத்தியமாக்குறீக?"

அன்றிலிருந்து நான் எதைக் கேட்டாலும் நாலு என்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் தேடிக்கொண்டிருந்தவளுக்கு நானே கூட்டிக்கொண்டுபோய் வாங்கிக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. இருபத்தேழுக்கு நாலா, அம்மா பெயில் என்று நீங்கள் கேலி செய்தபோது அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்தீர்கள். பாப்பாவுக்குத் தலை பின்னும்போது பாதியில் கை நின்றுபோனதை நான் பார்த்தேன். "வெரசா பின்னும்மா, பஸ்சு போயிரும்" என்று பாப்பா கத்தியும் அவளுக்குக் கேட்கவில்லை. அதை ஒன்பதில் எந்தக் கேள்வியில் சேர்ப்பது?

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் நேற்று. அம்மா ஜீப்பு ஏறிவிட்டாள். கையைப் பிடித்து இறக்க எனக்குத் தைரியம் இல்லை. இறக்கினாலும் அந்தக் கேள்விகளுக்கு இதே பதில்தானே வரும்.

சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நீங்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். காலையில் நான் கரண்டியால் அழுத்திய தடம் சோற்றில் அப்படியே இருந்தது. நின்றபடியே முழுவதையும் தின்று, வாளியைக் கழுவி, காலைக்குக் கவிழ்த்து வைத்தேன்.