எதற்கும் இருக்கட்டும்

சேலையூர் கேம்ப் ரோட்டில் யூனிஸ் டீச்சரின் கைப்பையைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஊக்கு, பிளாஸ்டர், தைலம், ஊசி நூல், கொளுத்துகிற மே மாதத்திலும் மழைக்கு ஒரு குடை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குச் செருப்பு அறுந்தாலும் நாலாம் வகுப்புக்குத்தான் அனுப்புவார்கள். எதற்கும் இருக்கட்டும் என்பதுதான் அந்த அம்மாளின் கட்சி. வேறு வழியில்லாமல் அதில் சேர்ந்த ஒரே தொண்டர், அவள் கணவர் ஏசுபாதம்.

ஏசுபாதத்துக்கு மலை என்றால் உயிர். கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வுபெற்றவர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, தாம்பரம் பக்கத்து நண்பர்களோடு வேன் பிடித்து ஏலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது என்று கிளம்பிவிடுவார். ஞாயிறு ஆராதனைக்கு அவர் ஏன் வரவில்லை என்று பாஸ்டருக்குப் பதில் சொல்வது யூனிஸின் வேலை. அவருக்குப் பை கட்டிக் கொடுப்பதும் அவள் வேலைதான். ஆனால் ஒரு தடவைகூட அவள் கூடப் போனதில்லை.

போன ஜூலையில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மலை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். மனிதர் அதைத் தவிர மற்றதையெல்லாம் மறந்துவிட்டார். பேப்பர் பிரிப்பதில்லை, பேச்சில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். ஒரு நாள் மீன் குழம்பு வைத்துக் கூப்பிட்டும் அவர் எழுந்து வராதபோது, யூனிஸுக்கு வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்குப் பதிலா நான் போறேன். பையை நீங்க கட்டுங்க."

அவர் சுவரை விட்டுத் திரும்பினார். "நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லையா?"

அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு அவளை உட்காரவிடவில்லை. மறுநாளே ஷூ வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். "ஒரு சைஸ் பெரிசாவே எடு. இறங்கும்போது விரல் முன்னால போய் இடிச்சு நகம் கறுத்துடும்" என்றார். புது ஷூவோடு மலைக்குப் போனால் கால் புண்ணாகிவிடுமாம். அதனால் புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டே அவள் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகவேண்டி வந்தது. பாடகர் குழுவில் எல்லோர் கண்ணும் பாட்டுப் புத்தகத்தை விட்டு அவள் காலுக்குப் போனது.

அடுத்தது முதுகுப்பை. அதில் இட்லி அரிசியைக் கட்டித் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கச் சொன்னார். அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அவசரப்படாதே! மூச்சை எண்ணி விடு!" என்று கத்துவார். போலீஸ்காரர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"இன்னாம்மா, நானும் டெய்லி பாக்குறேன். மூட்டைய தூக்கிகினு மேல போற, கீழ வர்ற, எந்த ட்ரெயின்லயும் ஏற மாட்டேங்கற?"

"எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லைங்க" என்றாள் யூனிஸ் மூச்சு வாங்க. போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் சொன்னது சத்தியம். அவள் பயமெல்லாம் மலையைப் பற்றி அல்ல. பாதியில் முடியாமல் திரும்பி வந்தால் இந்த மனிதர் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாரே என்பதுதான் அவள் பயம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. ஏசுபாதம் தன் கையாலேயே சுக்குக் காபி போட்டு, அவள் வழக்கமாகக் கொடுத்தனுப்பும் பழைய ஸ்டீல் ஃபிளாஸ்க்கில் ஊற்றிப் பையில் வைத்தார். கேட்டோடு நின்றுகொண்டார். "வேனைப் பார்த்தா நானும் ஏறிடுவேன். நீ போய்ட்டு வா."

வேன் புறப்படுவது தெருமுனையில் ஜெயகிருஷ்ணன் வீட்டு வாசலிலிருந்து. பாங்க்கில் வேலை பார்க்கும் அவர்தான் குழுவுக்குத் தலைவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு பையையும், பழைய பேப்பர்க்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு கொக்கித் தராசில் மாட்டுவார்கள். அவரவர் பையை அவரவரேதான் சுமக்க வேண்டும், அதனால் ஆறு கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை. யூனிஸின் பையை மாட்டியதும் முள் ஒரே இறக்கமாக இறங்கியது.

ஜெயகிருஷ்ணன் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷம் நீங்க சாருக்குக் கட்டினீங்க, இன்னைக்குச் சார் உங்களுக்குக் கட்டியிருக்கார். கனம் மட்டும் மாறவே இல்லக்கா! பரவாயில்ல, சார் வைக்கற இடத்துலயே பாதியை வச்சுடுங்க" என்று ஹாலில் இருந்த பீரோவைத் திறந்தார்.

"சார் வைக்கற இடமா?"

"போறப்போ வச்சுட்டு, வர்றப்போ எடுத்துட்டுப் போவார். உங்களுக்குத் தெரியாதா?"

கீழ்த்தட்டில் நீல ஸ்வெட்டர் ஒன்று மடித்துக் கிடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் பின்னியது. ஏலகிரியில் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று ஏசுபாதம் சொல்லியிருந்தார். பாவம், அதற்கும் குளிருமே என்று அவள் அந்தக் குரங்குக்காக வருத்தப்பட்டிருக்கிறாள். சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லியும் இருக்கிறாள்.

யூனிஸுக்கு முகம் சுண்டிப்போனது. வழுக்கிவிடுமோ, நனைந்துவிடுவாரோ, குளிருமோ என்று பயந்து பயந்து மடித்து வைத்ததெல்லாம் ஒரு மலையும் ஏறவில்லை. இந்தத் தெருமுனை பீரோவோடு நின்றுவிட்டது. நான் வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தாள்.

அதற்குள் குழுவிலேயே சின்னவளான சின்மயி, உதவி செய்கிற நினைப்பில், ஃபிளாஸ்க்கை எடுத்துப் பீரோவில் வைக்கப் போனாள்.

"ஐயோ, அதை வைக்காதேம்மா!" என்று ஜெயகிருஷ்ணன் பாய்ந்து வாங்கிக்கொண்டார். "இது ஒண்ணுக்காக நான் சார்கிட்ட எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமாக்கா? வாஷர் போன ஃபிளாஸ்க். கனம் வேற. மேல போறதுக்குள்ள காபி ஆறிப் பச்சைத்தண்ணியாயிடும். சொன்னா கேக்க மாட்டார். உச்சியில உக்காந்து, ஒருத்தருக்கும் குடுக்காம, ஒரு சொட்டு விடாம அந்த ஆறின காபியைக் குடிப்பார். என் வீட்டுக்காரி விடியறதுக்கு முன்னாடி எழுந்து போட்டதும்பார்."

யூனிஸ் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவர் கட்டிய பையைத் தானே பிரித்தாள். கம்பளி, இரண்டாவது டார்ச், மெழுகுவர்த்தி, காதை மூடும் குரங்குக் குல்லா எல்லாம் கீழ்த்தட்டுக்குப் போயின. தண்ணீர், கடலை மிட்டாய், மாற்றுச் சாக்ஸ், மழைக்கோட்டு, மருந்து, மாற்றுத்துணி பையில் தங்கின. ஃபிளாஸ்க்கை நடுவில் வைத்து, துண்டால் சுற்றினாள்.

அந்தக் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் நடக்க வேண்டும். அப்போதுதான் யாரும் பின்தங்க மாட்டார்கள். ஆகவே ஜவ்வாது மலைப் பாதையில் யூனிஸ் முன்னால் போனாள், மற்ற எல்லோரும் அவள் நடைக்குக் காத்துக் காத்துப் பின்னால் வந்தார்கள். முதலில் வெட்கமாக இருந்தது. தொடை நடுங்க ஆரம்பித்தபின் வெட்கத்துக்கு இடமில்லாமல் போனது. இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் போகலாமா என்று கேட்கவில்லை. நடைமேம்பாலத்தை நினைத்துக்கொண்டு, மூச்சை எண்ணி விட்டு, எழுந்தாள். நிழல் கிழக்கே சாயும்போது மேலே போகப் பாதை இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் ஒரு பாறையில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். காபி ஆறியிருந்தது. வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெறும் சுக்கும் மிளகும், வெல்லத்தின் வாசனையே இல்லை. சின்மயி ஒரு வாய் கேட்டாள். யூனிஸ் தரவில்லை.

பிறகு சிக்னல் கிடைக்கிற பாறையைத் தேடிப் போய்க் கணவருக்கு போன் போட்டாள். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேங்க. உச்சியில நிக்கறேன்."

"என்ன தெரியுது?"

"கீழ ஒரு ஏரி. அதுக்கு அந்தாண்ட நாலு ஓட்டு வீடு. வீட்டிலேருந்து புகை வருது."

"புகை நேரா போகுதா, சாயுதா?"

"சாயுதுங்க."

"அப்ப அங்க காத்து ஜாஸ்தி. குல்லா போட்டிருக்கியா?"

காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போனது. "போட்டிருக்கேங்க" என்றாள்.

மலைக்கு மலை அவர் சொன்ன பொய்தானே, அவருக்குத் தெரியாதா?

"மேல்தட்டா, கீழ்த்தட்டா?" என்றார்.

"கீழ்த்தட்டு. குரங்கு தூக்கிட்டுப் போன ஸ்வெட்டருக்குப் பக்கத்துல."

அவர் சிரித்தார். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை யூனிஸ் கேட்கவில்லை. அவளும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யூனிஸ், காபியில வெல்லம் போட மறந்துட்டேன். நீ போனப்புறம்தான் பார்த்தேன், அப்படியே மேடை மேல இருக்கு. கீழ ஊத்திட்டியா?"

"ஒரு சொட்டு விடலைங்க" என்றாள் அவள்.