பெரிய பொய்க்கு மின்விசிறி

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்ததற்கு அடுத்த வருடம், சிரிக்கப் பழகி வரும்படி எங்கள் அம்மாவை மட்டக்களப்பு நகரத்துக்கு அனுப்பினார்கள். தேற்றாத்தீவுப் பல்நோக்கு மண்டபத்தில் ஒரு தொண்டு நிறுவனம் தையல் நிலையம் நடத்தியது. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மெஷின்கள், மேலே ஒரேயொரு மின்விசிறி. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைப்பதுதான் வேலை. அம்மா அங்கே மேற்பார்வையாளர். வேலைத்தளத்தில் நகைச்சுவையும் படைப்பாற்றலும் நல்ல பழக்கமும் இருந்தால் தையல் விரைவாக நடக்கும் என்று நிறுவனத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சி முடிந்து அம்மா ஒரு மஞ்சள் அட்டையோடும் கவலை பிடித்த முகத்தோடும் வந்து சேர்ந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் பள்ளிக்கூடம் இடிந்துபோனதால் வேறொரு பள்ளிக்கூடத்தில் மத்தியானத்துக்கு மேல்தான் எங்களுக்கு வகுப்பு. காலை முழுக்க மண்டபத்தில்தான் கிடப்பேன். முதல் நாள் அம்மா எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு சத்தமாகச் சிரிக்கச் சொன்னார். பயிற்சியில் அப்படித்தான் செய்தார்களாம். பன்னிரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

"என்ன கா இது, ஆமி செக்பொயின்ட்ல நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் முன்வரிசை மாமி. "ஐடென்டி காட்டையும் எடுக்கவா?"

அதற்குத்தான் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டார். மஞ்சள் அட்டை அன்றோடு அலுமாரிக்குப் பின்னால் போனது.

அந்த மாமிதான் வேறொரு வழி சொன்னார். காலையில் வேலை தொடங்குமுன் ஆளுக்கு ஒரு பொய் சொல்ல வேண்டும். பெரிய பொய் சொன்னவருக்கு அன்று முழுக்க மின்விசிறிக்குக் கீழே உள்ள மெஷின். தீர்ப்புச் சொல்ல ஒரு பொது ஆள் வேண்டும் என்றார்கள். மெஷினில் இருக்காத ஆள் நான்தான் என்பதால் பதவி எனக்கு வந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஒருவர், விடிய எழும்பித் தன் புருசன் தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். மண்டபமே குலுங்கியது. இன்னொருவர், தருவதாகச் சொன்ன கல்வீட்டை நிவாரணக்காரர் இரவோடிரவாகக் கட்டி முடித்துவிட்டார்கள் என்றார். அதற்கும் நல்ல சிரிப்பு. இரண்டுக்கும் நடுவில் எதற்குக் கொடுப்பது என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

கடைசி மெஷின் மாமி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொள்வார். அவருடைய ஒரே மகன் வகுப்பில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தவன். அவனைக் கடல் கொண்டுபோயிற்று, உடம்பு கிடைக்கவில்லை. அவரை ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் வேலையில் ஒரு வில்லங்கம் இருந்தது. எந்த அளவு கொடுத்தாலும் அவர் வெட்டித் தைக்கும் சட்டை ஒன்பது வயதுப் பையனுக்குத்தான் பொருந்தும். அம்மா சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார், கெஞ்சியும் பார்த்தார். "ஓம்" என்பார் மாமி. பிறகு பார்த்தால் அதே அளவு.

ஒரே அளவில் குவிந்து கிடந்த சட்டைகளைக் கண்டுவிட்டு நிறுவன அதிகாரி, மாதக் கடைசிக்குள் இது மாறாவிட்டால் அந்த மெஷினை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். "அவவை நிப்பாட்டினா அந்த வெறும் வீட்டுக்குள்ள போய் என்ன செய்வா," என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அழுதார்.

எனக்கோ என் சட்டம்தான் பெரிது. ஒருநாள் காலை, "எல்லாரும் சொல்லத்தானே வேணும், மாமியும் சொல்லட்டும்," என்றேன். அம்மா என்னை முறைத்தார். ஆனால் மாமி எழுந்துவிட்டார்.

"மகன் இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுதான். சட்டை இறுக்கமாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் நன்றாக யோசித்தேன். புருசன் தேத்தண்ணி போடுவது என்றைக்காவது நடந்தாலும் நடக்கும். இது நடக்கவே நடக்காது. "இதுதான் பெரிய பொய்," என்று தீர்ப்புச் சொன்னேன். அம்மா என் தோளில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நொந்தது. மாமி போய் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டார்.

அதன் பிறகு தினமும் மகன்தான். சைக்கிளால் விழுந்தான், சட்டியில் இருந்த மீனை எல்லாம் தின்றான், வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தான். அவன் ஒருநாளும் முதலாம் பிள்ளையாக வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் அதற்கு மதிப்புக் கூடுதல். ஆறு நாள் தொடர்ந்து அவருக்கே மின்விசிறி. மற்றவர்கள் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அலுத்துவிட்டது.

"எப்ப பார்த்தாலும் மகன்ட கதைதானே. வேற பொய் சொல்லுங்க மாமி."

"எனக்கு வேற பொய் தெரியாதே புள்ள," என்றார்.

அடுத்த நாள் அவர் வாய் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள், மாதம் முடிய நாலு நாள் இருக்கையில், எல்லோருக்கும் முன்னதாக எழுந்தார்.

"என்ட மகன் செத்துப்போனான்."

அம்மா என் பக்கமாக வேகமாக வந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இது பொய் இல்லை. உண்மை. பரிசு இல்லை."

மாமி என் பக்கம் திரும்பினார். "ஓம் புள்ள. உண்மைதான்," என்றார். தன்னுடைய பழைய மெஷினுக்குப் போய், அதன்மேல் கவிழ்ந்து, பெரிய சத்தமாக அழத் தொடங்கினார். எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு தையலும் நடக்கவில்லை.

மறுநாள் சின்னதும் பெரியதுமாக, அம்மா கோடு போட்டபடியே அவர் சட்டைகளை வெட்டினார். மாதம் முடிந்தும் அந்த மெஷின் அவரிடமே இருந்தது. பயிற்சி நல்ல பலன் தந்திருக்கிறது என்று நிறுவனம் அம்மாவுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தது.

எனக்கு மட்டும் ஒரு காலை வீணாய்ப் போன கவலை. இனி அப்படி நடக்கக் கூடாது என்று, "இங்கு உண்மை சொல்லக் கூடாது" எனச் சிவப்புப் பேனையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அம்மா அதை வாசித்துவிட்டுக் கழற்றினார். தீர்ப்புச் சொல்லும் வேலையையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நான் சரியாகத்தானே சொன்னேன் என்று இரண்டு நாள் அம்மாவோடு கோபம் போட்டுக்கொண்டு திரிந்தேன்.