பிரதி கேட்டு வந்த முதல் அட்டை

அந்த அஞ்சலட்டை இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் வெளிநாட்டுத் தபால்தலை. மறுபக்கம் தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று வேண்டும் என்று இரண்டே வரி. எழுபதுகளில் ஒரு மருத்துவக் கட்டுரையை உலகம் மதிக்கிறதா என்பதை இப்படி வரும் அட்டைகளை வைத்துத்தான் சொல்ல முடியும். குமுளிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் லேப் வேலை பார்த்தேன். கட்டுரை எங்கள் டாக்டரம்மாவுடையது. அவர் எருத்தேன்பதிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அட்டை வந்த அன்று அதை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். மருத்துவக் கல்லூரி வேலைக்கு இரண்டு முறை போய், எழுதிய கட்டுரைகள் போதாது என்று திரும்பி வந்தவர். அடுத்த மாதம் மூன்றாவது இன்டர்வியூ.

கட்டுரை கொக்கிப்புழுவைப் பற்றியது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒரே வேளை மருந்து கொடுத்து, ஆறு மாதம் கழித்து மறுபடி மலப் பரிசோதனை செய்தோம். டப்பாக்களில் பெயர் கிடையாது, எஸ்டேட் வருகைப் பதிவேடான செக்ரோலின் நம்பர் மட்டும்தான். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து புழு முட்டைகளை எண்ணியவள் நான். இரண்டாம் முறை பல டப்பாக்களில் முட்டையே இல்லை.

அட்டையை மேஜையில் வைத்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "எதுக்குக் கேக்கறாங்க தெரியுமா கண்ணு? முன்னாடி பாத்த அதே ஆளைத்தான் பின்னாடியும் பாத்திருக்கறோம். அதுதான் இதுல பெருசு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் எஸ்டேட்டில் நம்பர் ஆளுக்குரியதல்ல, வீட்டுக்குரியது. தாய் வேலையை விட்டு நின்றால் மகள் அதே நம்பரில் ஏறுவாள். அரிசியும் கம்பளியும் அந்த நம்பருக்குத்தான் வரும். இடைப்பட்ட ஆறு மாதத்தில் என் அம்மாவும் இன்னும் பல பெண்களும் வேலையிலிருந்து நின்றிருந்தார்கள். அம்மாவின் நம்பரில் வந்தது என் தங்கையின் டப்பா. அது தெரிந்தே பார்த்தேன், தெரிந்தே 'முட்டை இல்லை' என்று எழுதினேன். தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. அதுவரை தேயிலைக் காட்டில் வெறுங்காலோடு நிற்காத பெண்களுக்குப் புழு எங்கிருந்து வரும்?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சொன்னேன். "அம்மா நின்னுட்டால்லா டாக்டரம்மா, நம்பர் தங்கச்சிக்கு வந்துட்டு. அவ டப்பாவத்தான் பாத்தேன்." அவர் ஆபீசிலிருந்து செக்ரோலை வரவழைத்து ஒவ்வொரு நம்பராகப் பென்சில் வைத்துப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது. கடைசியில், தான் எழுதிய கட்டுரைகளின் பட்டியலை எடுத்து இந்தக் கட்டுரை இருந்த வரியை அடித்தார்.

"இன்டர்வியூ முடியட்டுமே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"உனக்குத் தெரியும், எனக்குந் தெரியும். இன்னும் எத்தனை பேருக்குத் தெரியோணும் கண்ணு?"

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினார். அது பல மாதம் கழித்து ஒரு மூலையில் வந்தது. அட்டை போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். விலாசம் எழுதிக் குமுளியில் தபாலில் சேர்ப்பது என் வேலை. எல்லாவற்றையும் சேர்த்தேன், முதல் அட்டைக்காரருக்கு எழுதியதைத் தவிர. அதைப் பெட்டிக்குள் போடக் கை வரவில்லை. உலகத்தில் ஒருவராவது டாக்டரம்மாவை நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஊர்ப்பக்கமே போய்ச் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்து, அங்கேயே இறந்தும் போனார்.

போன மாதம் தங்கை மகள் வந்திருந்தாள். அவளும் டாக்டர்தான். டாக்டரம்மாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, "பெரியம்மா, இந்தக் கட்டுரைய இன்னைக்கும் எடுத்துச் சொல்லுதாங்களே!" என்று பூரித்தாள். யார் முதலில் சொன்னது என்று பார்க்கச் சொன்னேன். பழைய பக்கம் ஒன்றைத் திறந்தாள். அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தவரின் பெயர். மற்றவர்கள் அவரைப் பார்த்தே எழுதியிருந்தார்கள்.

அந்த மருந்தை நம்பி எத்தனை பேருக்குக் கொடுத்தார்களோ. என்னால் உட்கார முடியவில்லை. பைபிளைத் திறந்தேன். அட்டைக்குப் பக்கத்தில், தபால்தலை ஒட்டிய அந்த உறை பிரிக்கப்படாமல் இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"படி. அந்தக் கட்டுரையில புழு இல்லன்னு எழுதியிருக்கது உங்கம்மாவப் பத்தி."