சேலை முனையில் ஓர் இலை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கைக்கு ஊசி பிடித்துத்தான் பழக்கம். எந்த ‘ர’ போடுவது, எந்த ‘ன’ போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். இந்தச் சேலைக் கதையை எழுதச் சொன்ன டீச்சரிடமே அதைச் சொன்னேன்.

“எழுதி எடுத்துட்டு வந்து வாசிச்சுக் காட்டுங்க டெய்லர். எழுத்துப் பிழை காதுக்குக் கேக்காது” என்றார்.

அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய மாடி வீடு ஒன்றின் படிக்கட்டுக்குக் கீழே என் மிஷின் இருக்கிறது. புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவேன், பேன்ட் நீளம் குறைப்பேன், சேலைக்கு ஃபால்ஸ் வைப்பேன். சில வருடங்களாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. கல்லூரிப் பெண்கள் சணல் பை, ஜீன்ஸ் சட்டை, குர்த்தி என்று எடுத்துவந்து அதில் பூ வைத்துத் தரச் சொல்கிறார்கள். மிஷின் எம்ப்ராய்டரி போட்டு ஓரம் வெட்டித் தனித்தனியாக விற்கும் பூக்கள். பேட்ச் என்று சொல்வார்கள். தி.நகர் லேஸ் கடைகளில் கிடைக்கும். பின்பக்கம் பசை தடவியிருப்பதால் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாலு முறை துவைத்தால் ஓரம் எழும்பிவிடும். அதனால் நான் சுற்றிலும் ஒரு தையல் போட்டுத்தான் கொடுப்பேன்.

எனக்குப் பேச்சு வராது. பெண்கள் வந்து நின்றால் துணியைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். தெருவில் யாராவது சிரித்தால் யாரென்று தெரியாது. கையிலிருக்கும் பையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்ச் வேலை வந்ததிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். இவையெல்லாம் என்ன பூ? ரோஜா தெரிகிறது, சூரியகாந்தி தெரிகிறது. ஆனால் ஐந்து இதழோடு ஒரு நீலப் பூ வருகிறது. நடுவில் மஞ்சள், இலை பழுப்பு. அதை நான் எந்தச் செடியிலும் பார்த்ததில்லை. அடையாறு பக்கம் போனால் பங்களாக்களின் கம்பிக் கதவு வழியே தோட்டத்தை எட்டிப் பார்ப்பேன். காவலாளி முறைக்கும் வரை பார்ப்பேன். அங்கேயும் இல்லை. கடைசியில் ஒருநாள் கோயில் குளத்துப் பக்கம் பூ விற்கும் அம்மாவிடம் பேட்சை நீட்டிக் கேட்டேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா நைனா, காம்பே இல்லாம கீது. இத்த எங்கப் புடிச்சிக் கட்டறது?”

“இல்ல, என்ன பூன்னு…”

“கோயம்பேடு பூ மார்க்கெட்டுக்கு வந்தா சொல்லி அனுப்பறேன், போ.”

அதிலிருந்து நான் அந்தப் பக்கம் போனாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்துவார்: “நைனா, உன் நீலப்பூ இன்னிக்கும் வர்ல!”

இப்படியிருக்கும்போதுதான் டீச்சர் வந்தார். போன ஐப்பசியில், நல்ல மழை நாள். சாந்தோம் பக்கம், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருப்பவர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் ஜாக்கெட்டுகளைப் பல வருடமாக நான்தான் பிரித்துத் தளர்த்திவிடுகிறேன். குடையை மடக்காமலே படிக்கட்டுக்குக் கீழே நுழைந்து, என் தலையில் தண்ணீர் சொட்ட நின்றார்.

“டெய்லர், எனக்குப் பூ வேணும்.”

“பைக்கா டீச்சர்?”

“சேலைக்கு. உள்பக்கம். யாருக்கும் தெரியக் கூடாது.”

அப்புறம் விஷயத்தைச் சொன்னார். அவருக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது. ஓரத்தில் தெரிகிறது, நடுவில் புகை மாதிரி. நிறம் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. இனி தெளியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் அவருடைய சித்தி இறந்துபோனார். விடியற்காலையில் போன் வந்ததும் அவசரமாகப் பீரோவைத் திறந்து, வெள்ளை என்று நினைத்து ஒரு சேலையையும் கறுப்பு என்று நினைத்து ஒரு ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

“சேலை ரோஸ் கலர். ஜாக்கெட் தக்காளிச் சிவப்பு. சவப்பெட்டி பக்கத்துல அப்படிப் போய் நின்னு ஜெபமாலை சொல்லிட்டிருந்தேன். சித்திக்குப் பிடிச்சிருக்கும். மத்தவங்களுக்குப் பிடிக்கல.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பாலவாக்கத்தில் இருக்கும் அவர் தம்பிக்கு அன்று பெரிய அவமானமாகிவிட்டது. அக்கா இனித் தனியாக இருக்க முடியாது, தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, ஆள் பார்க்கவும் சொல்லிவிட்டாராம்.

“தம்பி நல்லவன்தான். ஆனா அங்க போனா நான் ஒரு ரூம்ல உக்காந்து கடலோட சத்தத்தக் கேட்டுட்டிருக்கணும். எங்க வீட்டுல எனக்கு எந்த இடத்துல எது இருக்குன்னு தெரியும் டெய்லர். துணி ஒண்ணுதான் ஏமாத்துது. சித்திக்கு முப்பதாம் நாள் பூசை வருது. அன்னிக்கு நான் யார் உதவியும் இல்லாம சரியா உடுத்திட்டுப் போகணும். போனா, ‘பாத்தியாடா’ன்னு கேப்பேன். போகலைன்னா பெட்டி கட்ட வேண்டியதுதான்.”

இவ்வளவுதான் அவருக்கு வேண்டியது: கையால் தடவினால் சேலையின் நிறம் தெரிய வேண்டும். இடுப்பில் முதலில் செருகும் உள்முனையில் ஒரு பூ. அதற்குப் பொருத்தமான ஜாக்கெட்டில், கொக்கிப் பட்டியின் உள்பக்கம் அதே பூ.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வெளியே தெரியாத இடத்தில் பூ வைப்பதை அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்று மாலையே தி.நகர் போய், அந்த ஐந்து இதழ்ப் பூவையே எல்லா நிறத்திலும் வாங்கிவந்தேன். வெள்ளைச் சேலைக்கு வெள்ளைப் பூ, ரோஸுக்கு ரோஸ், பச்சைக்குப் பச்சை. நூலும் அதே நிறத்தில். ஒட்டினால் முனை விறைக்கும் என்று பசையைச் சுரண்டிவிட்டுக் கையாலேயே தைத்தேன். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

டீச்சர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் சேலையின் முனையைத் தடவினார். இரண்டாவதைத் தடவினார். மூன்றாவதைக் கையில் எடுத்ததும் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிப்பு. ஸ்டூல் ஆட ஆடச் சிரித்தார்.

“டெய்லர்… எல்லாம் ஒரே பூவா?”

“ஒரே பூதான் டீச்சர். ஆனா கலர் கலரா…”

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஊசியை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

“நிறம் தெரியலன்னு வந்தவகிட்ட நிறத்தை வச்சு அடையாளம் சொல்றீங்களே! என் கிளாஸ்ல இருந்திருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பரவால்ல. இன்னும் நாள் இருக்கு. பிரிச்சிடுங்க.”

பிரித்தேன். அன்றிரவு படுத்தபடியே யோசித்தேன். இத்தனை வருடம் பூவைத் தைத்தும், ஒரு பூ கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் லேஸ் கடையில் பேட்ச் தட்டுகளுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தேன்.

வேடிக்கையாக இருந்தது. கண்ணுக்கு ரோஜாவும் தாமரையும் எவ்வளவு வேறு! விரலுக்கு இரண்டும் ஒரே மேடு. அழகான பெரிய பூவெல்லாம் வெறும் மெத்தை. நான் யாருக்கும் எடுத்துக் காட்டாத மலிவுப் பூக்கள்தான் விரலோடு பேசின. நடுவில் ஓட்டை விட்ட வட்டப் பூ ஒன்று. மூன்று மொட்டு சேர்ந்த கொத்து ஒன்று. மணி கவிழ்ந்த மாதிரி ஒன்று. நடுநரம்பு தடித்து, ஓரம் பல் பல்லாக இருக்கும் தனி இலை ஒன்று.

“அண்ணே, இன்னா கண்ண மூடிக்கினு பொறுக்கற? லாட்டரி சீட்டா?” விற்பனைக்கு நின்ற பெண் அதட்டினாள்.

“இல்லம்மா, தடவிப் பாக்குறேன்.”

“கலர் பாத்து எடுண்ணே. தடவிப் பாக்க இது இன்னா கத்திரிக்காவா?”

எடுத்ததைக் கொடுத்துக் கட்டச் சொன்னேன். எல்லாம் பழுப்பு, மண் நிறம், வெளிறிய ஊதா. அவள் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டீச்சர் ஒவ்வொன்றையும் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துப் பங்கு போட்டார். பச்சைக்கு மொட்டுக் கொத்து. நீலத்துக்கு மணி. ரோஸுக்கு ஓட்டை வட்டம். வெள்ளைச் சேலையும் கறுப்பு ஜாக்கெட்டும் வந்தபோது கொஞ்சம் நிறுத்தினார்.

“இதுக்கு இலை வைங்க. துக்க வீட்டுக்குப் பூ வச்சிட்டுப் போக வேணாம்.”

உள்ளே மறைந்திருக்கும் பூவுக்குமா அந்தக் கணக்கு என்று நினைத்தேன். ஆனாலும் இலையையே வைத்தேன். டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பழகிப் பார்த்துவிட்டு, ஒருமுறைகூடத் தவறவில்லை என்று வந்து சொன்னார்.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கஞ்சியை மறந்துவிட்டோம்.

டீச்சர் பருத்திச் சேலைதான் கட்டுவார். கஞ்சி போடாத பருத்திச் சேலையை அவர் சேலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். முப்பதாம் நாளுக்காக வெள்ளையை இஸ்திரிக்காரரிடம் போட்டிருக்கிறார், கூடவே ரோஸையும். மழையால் காயவில்லை என்று இழுத்தடித்து, முந்தின நாள் ராத்திரிதான் அவர் கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் அப்படியே பீரோவில் வைத்துவிட்டாராம்.

பூசை காலையில். எனக்குக் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. நான் கோயில் குளத்துப் பக்கத்துக்காரன். சர்ச்சுக்குள் போய்ப் பழக்கமில்லை. எதிர்ப்புறம் டீக்கடையில் நின்றுகொண்டேன். என்னால் யூகிக்கவே முடியவில்லை. வெள்ளையா, ரோஸா? டீ ஆறிப்போயிற்று. உள்ளே மணி அடித்த பிறகுதான் டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

வெள்ளைச் சேலை. கறுப்பு ஜாக்கெட்.

ஆனால் இடுப்புப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

வாசலில் காத்திருந்த தம்பி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ரோடு குறுகலானதால் பேச்சு எனக்குக் கேட்டது.

“சரியாத்தான் கட்டியிருக்க. யாரு கட்டிவிட்டா?”

“நானேதான்.”

“இதென்ன ஈரம்?”

“எச்சி” என்றார் டீச்சர், சத்தமாகவே. “வாடா உள்ள, சாமியார் ஆரம்பிச்சிட்டாரு.”

நடந்தது என்னவென்று அன்று சாயங்காலம் என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். காலையில் பீரோவைத் திறந்து இரண்டு சேலையின் முனையையும் தடவினால், இலையும் இல்லை, வட்டமும் இல்லை. நூல் இடுக்கெல்லாம் கஞ்சி புகுந்து, இஸ்திரியில் அமுங்கி, இரண்டும் அட்டை மாதிரி வழவழவென்று இருந்திருக்கின்றன. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் தம்பி சொன்னது சரி என்றாகிவிடும். கட்டிலில் உட்கார்ந்து ஒரு முனையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாராம்.

“சின்னப் புள்ள மாதிரி ஊற வச்சேன். ஒரே கஞ்சி ருசி. கொஞ்ச நேரத்துல நாக்குல ஓட்டை வந்துது. ச்சீ, இது ரோஸுன்னு தூக்கிப் போட்டேன். அடுத்ததுல இலையோட நரம்பு வந்துது பாருங்க டெய்லர்… விரலைவிட நாக்குக்கு நல்லாவே தெரியுது.”

அவர் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானும் ஒரு பேட்சை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

தம்பி அதற்குப் பிறகும் ஒன்றும் சொல்லவில்லையாம். வாடகைக்கு ஆள் பார்க்கச் சொன்னதை நிறுத்தவும் இல்லை. டீச்சர் கிறிஸ்துமஸுக்குப் பாலவாக்கம் போய்வந்தார். அப்போதும் பேச்சில்லை. பெட்டி கட்ட வேண்டியிருக்குமா என்று அவருக்கும் தெரியாது. கேட்க எனக்கும் வாய் வராது.

இன்று காலை ஒரு கார் சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. தம்பி இறங்கி வந்து, படிக்கட்டில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார். கையில் துணியால் ஆன இரண்டு சின்னச் சுருக்குப் பைகள்.

“அக்காவோட மாத்திரைக்கு. ஒண்ணு காலைக்கு, ஒண்ணு ராத்திரிக்கு. நீங்க ஏதோ பூ வச்சுத் தருவீங்களாமே.”

பேட்ச் டப்பாவைத் திறந்து வைத்தேன். அவர் எட்டிப் பார்த்து ஒரு சிவப்பு ரோஜாவை எடுத்தார். என்னவோ நினைத்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடியும் சட்டைப்பையில் பேனாவுமாக, என் படிக்கட்டுக்குக் கீழே, டப்பாவுக்குள் கையை விட்டு வெகுநேரம் துழாவினார். நான் மிஷினை நிறுத்தினேன்.

“வீட்டைப் பாக்க வந்தவங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்” என்றார், கண்ணைத் திறக்காமலே. “அவளுக்கு இன்னும் தெரியாது. பையை நீங்கதானே கொடுப்பீங்க, அப்ப சொல்லிடுங்க.”

“நானா சார்?”

“எனக்கு அவகிட்ட இதெல்லாம் பேச வராது.”

என்னைவிடக் கூச்சக்காரர் ஒருவரை இன்றுதான் பார்த்தேன். அவர் எடுத்தவற்றில் ஒன்று இலை. மற்றது அந்த ஐந்து இதழ் நீலப் பூ.

“இது என்ன பூங்க?”

“விசாரிச்சிட்டிருக்கேன் சார்” என்றேன்.

பைகளைத் தைத்து முடித்துவிட்டேன். டீச்சர் நாளைக்கு வருவார். பையோடு இதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதினேன். வாயால் சொல்லத் திணறினாலும், வாசித்தால் கடைசியில் அந்தச் சேதி வந்துவிடும் அல்லவா?

மயிலாப்பூர், தை 9, வெள்ளிக்கிழமை.