வந்தவருக்கு முதலில்

என் மனைவிக்காக வாங்கி வந்த நீலத் தட்டை மகள் மேசையில் வைத்தாள். உயரமான விளிம்பு, அடியில் வழுக்காத ரப்பர். மறதி நோய் வந்தவர்களுக்கென்றே செய்ததாம்.

"பளபளன்னு இருக்கக் கூடாதாம்ப்பா" என்றாள்.

வில்லாபுரத்துப் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. கொல்லையில் பெரியம்மா எவர்சில்வர் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்க்கும் சத்தம் வாசல்வரை கேட்கும். முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். ஞாபகம் கலங்கிப்போயிருந்த பெரியப்பா தட்டைக் குனிந்து பார்ப்பார், உடனே தள்ளிவிடுவார்.

"வந்தவுகளுக்கு மொதல்ல வையி. பெறகு நான் சாப்பிடுறேன்."

வீட்டுக்கு வந்தவர் பசியோடிருக்க அவர் ஒருநாளும் சோற்றில் கை வைத்ததில்லை. யாருமே வரவில்லையே என்று பெரியம்மா அழுவார். தட்டுதான் சுத்தமில்லையோ என்று மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பெரியப்பா இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு மதியம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். தட்டுக்குள் அவர் முகம் தெரிந்தது.

"பெரியம்மா, வந்திருக்கிறது பெரியப்பாதான்!"

அன்றிலிருந்து அவருக்கு வாழை இலை. ரசம் முழங்கைவரை வழிய, இலையை வழித்துச் சாப்பிட்டார்.

நீலத் தட்டில் மகள் சோறு வைத்தாள். என் மனைவி குனிந்து பார்த்தாள். அதில் யார் முகமும் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வந்தவுகளுக்கு மொதல்ல வையிம்மா" என்றாள்.