"எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றார் இளங்கோ சார்

இளங்கோ சார் போய்விட்டார். இன்று காலை, தாண்டிக்குடி வீட்டில். ஹார்ட் அட்டாக்...

போன் செய்து சொன்னது லட்சுமி அக்கா. அழுகையில் பாதி வார்த்தை கேட்கவில்லை.

கொடைக்கானலில் ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம். சார் அங்கே ஐ.டி. மேனேஜர், அவருக்குக் கீழே நான். மொத்த டிபார்ட்மென்ட்டே நாங்கள் இரண்டு பேர்தான்.

மனுஷன் சரியான ரூல்ஸ் பைத்தியம். ஃபார்ம் எழுதித் தராவிட்டால் ஜி.எம்.முக்கே மவுஸ் மாற்றித் தர மாட்டார்.

எந்த பாஸ்வேர்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்பார். "நாளைக்கே நான் ஜீப்போட பள்ளத்துல கெடந்தா, ரிசார்ட்டு ஓட வேணாமாய்யா?" என்று கேட்டு, எல்லாவற்றையும் எனக்கும் சொல்லி வைத்திருந்தார்.

அப்புறம் அந்த மத்தியானம்...

லட்சுமி அக்கா பக்கத்துப் பள்ளங்கி கிராமத்துக்காரர், எங்கள் ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தார். முதலாளியின் மச்சான் காரிடாரில் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்து, சுவரில் மோதி, விழுந்த பிறகும் வயிற்றில் மிதித்தான். ரூமைத் திறக்க லேட்டாம். அதற்கு.

எல்லாம் சிசிடிவியில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று தடியன்களோடு சர்வர் ரூமுக்கு வந்து, அழி என்றான். ரெக்கார்டர் பெட்டியை உடைத்துப் பயனில்லை, காப்பி தானாகவே கிளவுடுக்குப் போய்விடும்; பாஸ்வேர்டு இல்லாமல் அதை அழிக்க முடியாது. அதுவும் சார் போட்ட ரூல்தான்.

சார் ஃபார்மை நீட்டினார். "யாரு சொல்லி, எதுக்காக அழிக்கிறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது இல்லாம நான் தொட மாட்டேன்."

முதல் அடி கீபோர்டால், வாயிலேயே. பல்லும் எழுத்துக் கட்டைகளும் சேர்ந்து தரையில் சிதறின.

பாஸ்வேர்டைச் சொல்லு என்று அவர் வலது கையை ரேக் கதவிடுக்கில் வைத்து, கதவை மிதித்துச் சாத்தினார்கள். எலும்பு உடையும் சத்தம் கேட்டது.

ஒருவன் என் பக்கம் திரும்பினான். இவனுக்குத் தெரியுமா என்றான்.

வாயெல்லாம் ரத்தத்தோடு சார் சொன்னார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

கதவை இன்னும் இரண்டு முறை சாத்தினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

கிச்சன் ஆட்கள் உருட்டுக்கட்டையோடு ஓடி வந்து அவர்களை அடித்துத் துரத்திய பிறகுதான் எழுந்தேன்.

வீடியோ கோர்ட்டுக்குப் போனது. மச்சான் ஜெயிலுக்குப் போனான். சாருக்கு மூன்று விரல் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை... இடது கையாலேயே டைப் அடித்தார்.

ஊரே என்னையும் புகழ்ந்தது. கடைசி வரை வாயைத் திறக்கவில்லையாம். லட்சுமி அக்கா வருஷா வருஷம் எனக்கும் தன் ஊர் மலைப்பூண்டு அனுப்புகிறார்.

வீடியோ எல்லாம் என் நினைப்பிலேயே இல்லை. தெரியும் என்று சொன்னால் அந்தக் கதவில் அடுத்தது என் கை. அவ்வளவுதான். பயம்.

சார் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இன்று போனை வைக்கும்போது அக்கா சொன்னார், "ஒங்க ரெண்டு பேராலதான் தம்பி நான் தலை நிமிந்து நடக்குறேன்." நான் உம் கொட்டினேன்.

அக்காவுக்கு ஃபேஸ்புக் கிடையாது, இதைப் படிக்க மாட்டார். நேரில்தான் சொல்ல வேண்டும்.

பஸ் வத்தலக்குண்டு தாண்டிவிட்டது. வந்துகொண்டிருக்கிறேன் சார்...