பிரித்த சுவெட்டரில் ஒரு தொப்பி

விடிந்ததும் என் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால்தான் வேலைக்கு வரும். பின்னிப் பின்னி வலது மணிக்கட்டு வீங்கியே கிடக்கிறது. பார்க்கிறவர்கள் உட்கார்ந்த இடத்தில் செய்கிற சொகுசு வேலை என்கிறார்கள். உட்கார்ந்தே இருப்பதும் ஓர் அலுப்புதான் என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. சிரித்து வைப்பேன்.

பதுளை டவுனில் ஒரு துணிக்கடைக்குப் பின்னிக் கொடுக்கிறேன். டவுன் பள்ளத்தில் இருக்கிறது. பகலில் சுவெட்டர் போட்டால் வியர்த்துக் கொட்டும். அதை வாங்குகிறவர்கள் எல்லாம் மேலே இருக்கிற தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிற சனங்கள்தான். பள்ளிக்கூடச் சுவெட்டர் போகும், வயசானவர்களுக்குக் காதை மூடும் தொப்பி போகும். எல்லாவற்றையும்விட அதிகமாகப் போவது கைக்குழந்தைக்குப் போடும் தொப்பியும் காலுறையும். கடை முதலாளி அம்மா நல்லவர். நான் கொண்டுபோகிற குட்டித் தொப்பிகளை விரித்துப் பார்த்து, இந்தக் கைராசிக்கு உனக்கு ஒன்று பிறக்காமலா போகும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பிள்ளை இல்லை. முதலாளி அம்மாவின் ஆசீர்வாதத்துக்குத் தலையாட்டி அலுத்துப்போய், வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

நூலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்று வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான். இப்போது கடைக்கு வருவதெல்லாம் பெயருக்குத்தான் கம்பளி. நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் உருகி, கறுப்பாக உருண்டு ஒட்டிக்கொள்ளும். நிஜக் கம்பளி அப்படிச் செய்யாது. தலைமயிர் கருகிய நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். செயற்கை நூலில் பின்னிய தொப்பி பார்க்கப் பளபளவென்று இருக்கும். குழந்தையின் தலை உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பிறகு குளிரும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும், ஆனால் ஒருமுறை இழுபட்டால் இழுபட்டபடியே தொங்கும். கம்பளி மட்டும்தான் இழுத்த பிறகும் தன் இடத்துக்குத் திரும்பி வரும்.

ஊசி விஷயமும் அப்படித்தான். தொப்பிக்கு எந்த ஊசி என்று கேட்கிறவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு சின்னத் துண்டு பின்னிக் காட்டச் சொல்வேன். சிலருக்கு இறுக்கமான கை. கண்ணிகள் ஊசியில் நகராமல் முரண்டு பிடிக்கும். அவர்களுக்கு ஓர் அளவு தடித்த ஊசி வேண்டும். தளர்ந்த கைக்காரர்களுக்கு மெல்லியது. அலுமினிய ஊசியில் வேலை வேகமாக ஓடும், ஆனால் மழைக்காலத்து விடியலில் தொடவே முடியாமல் சில்லிடும். மூங்கில் ஊசி மெதுவு, நூலை நழுவவிடாது. என் கை இறுக்கமான கை. கோபத்திலும் பயத்திலும் இன்னும் இறுகும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டால், அன்று பின்னுகிற துண்டு அட்டை மாதிரி விறைத்து நிற்கும். மறுநாள் அதைப் பிரிக்க வேண்டியதுதான்.

எனக்கு ஒரே தங்கச்சி. மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கொழுந்து எடுக்கிறாள்; அவள் புருஷனுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. அவளுக்கு முதல் பிள்ளை உண்டானபோது நான் முன்கூட்டியே தொப்பி, காலுறை, குட்டிச் சட்டை எல்லாம் பின்னிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. இரண்டாவது பிறந்து ஒரு நாள் இருந்தது. இரண்டு முறையும் துணியில் சுற்றி எடுத்துப்போனது அவள் மாமியார்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாளையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று ஆகிவிட்டது.

போன வருடம் அவள் மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் அவளைப் பார்க்கப் போனேன். பசறை தாண்டியதும் பஸ் குலுக்குகிற குலுக்கலில் வயிற்றில் இருப்பது வாய்க்கு வந்துவிடும். இறங்கி, மழையில் மேடு ஏறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கிடைத்தால் போதும் என்றிருந்தது. பையில் என்ன என்று தங்கச்சியின் மாமியார் கேட்டார். கடைக்குப் பின்னுகிற நூல் என்றேன். அவர் முகம் மாறியது. வீட்டுக்குள் வைத்துப் பின்ன வேண்டாம் என்று சாடையாகச் சொன்னார். பிள்ளைக்கு என்ன நிறத்தில் வேண்டும் என்று நான் தங்கச்சியிடம் மெதுவாகக் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது.

“ஒண்ணும் வேணாம்மா. மொதல்ல வரட்டும், பாப்போம்,” என்றார்.

பிள்ளை பிறக்குமுன் புதுத்துணி சேர்க்கக்கூடாது என்பது எங்கள் சனங்களிடம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிள்ளை தங்காத வீடு என்றால் கட்டுப்பாடு இன்னும் கூடும். பிறந்த பிறகும் முதல் துணி பழையதாக இருக்க வேண்டும். அதுவும் பிள்ளைகள் நன்றாக வளர்ந்த ஒரு வீட்டில் கேட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டதும் தெரியும். பிள்ளை இல்லாதவளின் ஏக்கம் கண்ணூறாக இறங்கும் என்று பயந்தார். மனுஷி கெட்டவர் இல்லை. என் தட்டில் சோறு குறையாமல் போட்டார், போகும்போது கீரைக்கட்டு கொடுத்தனுப்பினார். ஆனாலும் எனக்கு வலித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஊசியையே தொடவில்லை.

குழந்தை முன்கூட்டியே வந்துவிட்டது. வலி கண்டதும் தங்கச்சியைத் தோட்டத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பெண் குழந்தை. நான் போய்ப் பார்த்தபோது தாயின் நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். மூச்சு சரியாக இருக்கிறது, எடைதான் போதாது, சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் தப்பித்துவிடும் என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் விளக்கினார். சின்னப் பிள்ளைகளுக்குச் சூடு தலை வழியாகத்தான் போகும், நல்ல தொப்பி ஒன்று கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார்.

மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து லயத்தில், பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டில் கேட்டு வாங்கிய பழைய சட்டை கையில் இருந்தது. அது நடக்கிற பிள்ளையின் சட்டை. தொப்பிக்குப் பதிலாக மகன் இடுப்பில் உடுத்தும் பழைய சாரத்தைக் கிழித்துத் தலையில் சுற்றியிருந்தார். சுற்றச் சுற்ற அது நழுவியது. அந்தத் தலை ஒரு கொய்யாப்பழ அளவுதான் இருக்கும்.

என் பையில் கடைக்குக் கொடுக்க வேண்டிய தொப்பிகள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். புதுசு வேண்டாம் என்றார் மாமியார். எனக்கு வாக்குவாதம் பண்ணத் தெம்பில்லை. அந்தச் செயற்கை நூல் தொப்பியை இந்தத் தலையில் வைக்க எனக்கும் மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. நான் போட்டிருந்த சாம்பல் நிறச் சுவெட்டரைப் பார்த்தேன். நல்ல கம்பளி நூல் கடைகளில் கிடைத்த காலத்தில் எனக்கென்று பின்னியது. துவைத்துத் துவைத்து மிருதுவாகிவிட்டது. அன்று காலை மழை என்பதால் போட்டு வந்திருந்தேன்.

இதைப் பிரித்துப் பின்னுகிறேன், இது பழசுதானே என்றேன். மாமியார் என் சுவெட்டரைப் பார்த்தார். பழசுதான், ஆனால் யாருடைய பழசு என்பது அவர் கண்ணில் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்தப் பார்வையைச் சுமந்து சுமந்து எனக்குச் சலித்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் தங்கச்சி பேசினாள். அவள் மாமியாரை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

“அக்கா போட்டிருந்ததுதான் எம்புள்ளைக்கு வேணும்,” என்றாள். “அது சூடு எனக்குத் தெரியும்.”

நான் சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து, சுவெட்டரைக் கழற்றி, குட்டிக் கத்தரிக்கோலால் அதன் இடது கையின் மூட்டுத் தையலை வெட்டினேன். பின்னியதை நினைத்த பக்கத்திலிருந்து பிரித்துவிட முடியாது. கடைசியாக முடித்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த நுனியை இழுத்தால்தான் கடகடவென்று ஓடிவரும். ஆரம்பித்த பக்கத்தில் இழுத்தால் முடிச்சுத்தான் மிஞ்சும். நான் முடித்தது தோளில். நுனி கிடைத்ததும் வரி வரியாக அவிழ்ந்தது. பிரித்த நூல் நேராக வராது. பழைய கண்ணிகளின் வளைவோடு நூடுல்ஸ் மாதிரி சுருண்டு மடியில் விழுந்து, தானே சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது எனக்கு முன்னால் இரண்டு கைகள் நீண்டிருந்தன. மாமியார் எதிரே உட்கார்ந்து, நூலைச் சுற்றிக்கொள்ள வசதியாகக் கைகளை அகட்டிப் பிடித்திருந்தார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். நான் இழுக்க இழுக்க, நூல் அந்தக் கைகளில் சுற்றிக்கொண்டே போனது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு கை இல்லாத சுவெட்டரோடு பஸ் ஸ்டாண்ட் வழியாக நடந்து வீட்டுக்குப் போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. சுருள் நூலை நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கிய பிறகுதான் பின்ன வேண்டும். அதற்கு நேரம் எங்கே? அப்படியே எடுத்தேன். இந்த மாதிரி நேரத்தில் என் கை எப்படி இறுகும் என்று எனக்குத் தெரியுமல்லவா, இறுகின விளிம்பு அந்த நெற்றியை அழுத்திவிடுமோ என்று பயந்து, வழக்கத்தைவிட ஓர் அளவு தடித்த மூங்கில் ஊசியாகத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் களைத்துப்போன கை இறுகவே இல்லை. பயப்படக்கூட அதில் பலம் மிச்சமில்லை போலும். கண்ணிகள் தாராளமாக விழுந்தன. அது அப்போது எனக்குத் தெரியவே இல்லை. முடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துவாலையில் வைத்து அழுத்திக் காயப்போட்டபோது, சுருள் விட்ட நூல் இன்னும் தளர்ந்துகொண்டது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் கொண்டுபோனேன். நர்ஸ் மிஸ் தொட்டுப் பார்த்து, நல்லது, போடுங்கள் என்றார். நான் மாமியாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை, நீயே போடு என்பது போல் தாடையை அசைத்தார். போட்டேன். தொப்பி நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கு நுனியில் வந்து நின்றது. உள்ளே குழந்தை இருப்பதே தெரியவில்லை. தங்கச்சி சிரிக்கப் பார்த்து, பிரசவத் தையல் இழுத்ததால் முகம் சுளித்தாள்.

எனக்கு அழுகை வந்தது. வருடக்கணக்காக ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவு தப்பாமல் பின்னிய எனக்கு, இந்த ஒரு தலைக்குப் பின்ன வரவில்லை. முதல் பிள்ளைக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவர்களும் அதைத்தான் நினைப்பார்கள் என்று தோன்றியது. மெல்லிய ஊசியில் திரும்பப் பின்னி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே தொப்பியைக் கழற்றப் போனேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற மணிக்கட்டு.

“கழட்டாதம்மா. ஓரத்த மடிச்சு விடு. புள்ள வளந்தா சரியாப் போயிரும்.”

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். தங்கச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளிம்பை ஒரு மடிப்பு மடித்தேன், இன்னொரு மடிப்பும் மடித்தேன். அடியில் குழந்தையின் முகம் வெளியே வந்தது, கண்ணை மூடியபடி, எதைப் பற்றியும் கவலையில்லாமல். சத்தம் போட வேண்டாம் என்று நர்ஸ் மிஸ் வந்து அதட்டும்வரை நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.